மார்கரெட் சாங்கர்: கருத்தடை மாத்திரைக்குக் காரணமான நர்ஸ், அந்த மாத்திரை இன்று எவ்வளவு பாதுகாப்பானது?

சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கும் குருவிகுளம் ஒரு கரிசல்காட்டு ஊர். இங்கேயும் சரி, தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் சரி, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்டால் மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை அட்டையைக் காசு வாங்காமல் கொடுப்பார்கள். ஓர் அட்டையில் 28 மாத்திரைகள். ஆனால் கேட்டு வாங்குகிறவர்கள் ரொம்பக் குறைவு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கு.க. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மாத்திரை போடுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார்கள்.

ரெண்டு பிள்ளை பெத்தாச்சா, ஆபரேஷன் பண்ணியாச்சா என்பதோடு நம்மூரில் இந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. கல்யாணமாகிக் கொஞ்ச நாள் கழித்துப் பிள்ளை பெத்துக்கலாம், முதல் பிள்ளைக்கும் அடுத்ததுக்கும் மூணு வருஷம் இடைவெளி விடலாம் என்று நினைக்கிற பெண்ணுக்கு மாத்திரையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பயம்தான். உடம்பு பெருத்துடும், கர்ப்பப்பை கெட்டுடும், புற்றுநோய் வந்துடும் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள்.

இந்தப் பயத்தில் எது உண்மை, எது வதந்தி? அதைப் புரிந்துகொள்ள, இப்படி ஒரு மாத்திரை வேண்டும் என்று முதலில் அடம்பிடித்த பெண்ணின் கதையைத் தெரிந்துகொள்வது உதவும். அவர் பெயர் மார்கரெட் சாங்கர். கொண்டாடவும் கண்டிக்கவும் அவர் வாழ்க்கையில் நிறையவே இருக்கிறது.

18 முறை கருவுற்ற தாய்

1879 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் என்ற ஊரில் மார்கரெட் பிறந்தார். நம்ம ஈரோட்டில் பெரியார் பிறந்தது அதே 1879 செப்டம்பர் 17. மூன்று நாள்தான் வித்தியாசம். பெண்ணின் கர்ப்பத்தைப் பற்றி யார் முடிவெடுப்பது என்ற ஒரே கேள்வியை இந்த இருவரும் இரண்டு கண்டங்களில் எழுப்பினார்கள்.

மார்கரெட்டின் அப்பா கல்லறைக் கல் செதுக்குகிறவர். அம்மா ஆன் ஹிக்கின்ஸ் 18 முறை கருவுற்றவர். உயிரோடு பிறந்த பிள்ளைகள் 11. அதில் மார்கரெட் ஆறாவது. காசநோயோடு போராடிய அந்தத் தாய் 1899-ல் இறந்தபோது அவருக்கு 50 வயதை ஒட்டித்தான் இருக்கும். அடுத்தடுத்த பிரசவங்கள்தான் அம்மாவைக் கொன்றுவிட்டன என்று மார்கரெட் கடைசிவரை நம்பினார்.

நர்ஸ் படிப்பில் சேர்ந்தார். 1902-ல் கட்டடக் கலைஞர் வில்லியம் சாங்கரைக் கல்யாணம் செய்துகொண்டார். மூன்று பிள்ளைகள். குடும்பம் நியூயார்க் நகரத்துக்குக் குடிபெயர்ந்த பிறகு, வெளிநாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் நர்ஸ் வேலை. பிள்ளை வேண்டாம் என்று பெண்கள் தாங்களே கண்டதையும் செய்து கருவைக் கலைக்கப் பார்த்து, ரத்தப்போக்கிலும் கிருமித் தொற்றிலும் சாவதை அங்கே பார்த்தார்.

சேடி சாக்ஸ் என்ற பெண்ணைப் பற்றி அவர் மேடைக்கு மேடை சொல்வார். கருக்கலைப்பில் செத்துப் பிழைத்த அந்தப் பெண், இனி கர்ப்பமாகாமல் இருக்க என்ன வழி என்று டாக்டரிடம் கேட்டாளாம். புருஷனை மொட்டை மாடியில் படுக்கச் சொல் என்று டாக்டர் சிரித்துவிட்டுப் போனாராம். சில மாதங்களில் அவள் மறுபடி கருவுற்று, கலைக்கப் போய் இறந்துபோனாள். இது ஒரே பெண்ணின் கதையா, சாங்கர் பார்த்த பலரின் கதையா என்பது வரலாற்றாசிரியர்கள் நடுவே இன்றும் விவாதம்தான். ஆனால் அப்படிச் செத்தவர்கள் நிறையப் பேர் என்பதில் விவாதமே இல்லை.

பத்தே நாள் நடந்த கிளினிக்

அன்றைக்கு அமெரிக்காவில் காம்ஸ்டாக் சட்டம் என்று ஒன்று இருந்தது. 1873-ல் வந்த அந்தச் சட்டப்படி, கருத்தடை பற்றிய தகவலைத் தபாலில் அனுப்பினாலே குற்றம். ஆபாசப் புத்தகமும் கருத்தடைத் துண்டறிக்கையும் சட்டத்தின் பார்வையில் ஒன்றுதான்.

1914 மார்ச்சில் தி வுமன் ரெபெல் என்ற பத்திரிகையை சாங்கர் தொடங்கினார். பர்த் கன்ட்ரோல் என்று இன்று உலகமே சொல்கிற சொல் அந்த ஆண்டு அவர் வட்டத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது. வழக்கு பாய்ந்தது. சிறைக்குப் போகாமல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1915-ல் திரும்பி வந்த கொஞ்ச நாளிலேயே ஐந்து வயது மகள் பெகி நிமோனியாவில் இறந்துபோனாள். அந்தத் துக்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை. அரசு அந்த வழக்கைக் கைவிட்டது.

1916 அக்டோபர் 16. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், பிரவுன்ஸ்வில் என்ற இடத்தில், தங்கை எத்தல் பைர்னுடன் சேர்ந்து அமெரிக்காவின் முதல் கருத்தடை ஆலோசனை மையத்தைத் திறந்தார். ஆங்கிலம், இத்திஷ், இத்தாலியன் என்று மூன்று மொழிகளில் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார்கள். கட்டணம் பத்து சென்ட். கைக்குழந்தையோடு பெண்கள் தெருவில் வரிசை கட்டி நின்றார்கள். பத்தே நாளில் போலீஸ் வந்து இழுத்து மூடியது. தங்கை சிறையில் உண்ணாவிரதம் இருக்க, வலுக்கட்டாயமாக உணவு செலுத்தினார்கள். அக்காவுக்கு 30 நாள் சிறை.

ஆனால் அந்த வழக்கின் மேல்முறையீட்டில் 1918-ல் ஒரு வாசல் திறந்தது. உடல்நலக் காரணத்துக்காக டாக்டர்கள் கருத்தடை முறையைப் பரிந்துரைக்கலாம் என்று நியூயார்க் நீதிமன்றம் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு 1923-ல் டாக்டர்கள் நடத்தும் மையத்தைத் தொடங்கினார். சட்டத்தை நேரடியாக மீறியவர், இப்போது சட்டத்துக்குள் இருக்கும் ஓட்டையைத் தேடத் தொடங்கினார்.

மறைக்கக் கூடாத பக்கம்

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் தாண்டிப்போக முடியாது. நல்ல மனிதர்கள் மட்டும் பிள்ளை பெற வேண்டும், மற்றவர்களின் இனப்பெருக்கத்தைத் தடுக்க வேண்டும் என்று பேசிய இனமேம்பாட்டுக் கொள்கை 1920-களில் அமெரிக்காவில் படித்தவர்களிடையே செல்வாக்காக இருந்தது. சாங்கர் அவர்களோடு கைகோத்தார். மனவளர்ச்சி குன்றியவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்பதை ஆதரித்து எழுதினார். நிறவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் மகளிர் பிரிவுக் கூட்டத்திலும் 1926-ல் போய்ப் பேசினார். அவர் வழிவந்த குடும்ப நல அமைப்பின் நியூயார்க் கிளையே 2020-ல் அவர் பெயரைத் தன் மருத்துவமனையிலிருந்து எடுத்துவிட்டது.

பெண் தானே முடிவெடுக்க வேண்டும் என்று தொடங்கியவர், சிலருக்காக மற்றவர்கள் முடிவெடுக்கலாம் என்று சொல்லும் இடத்துக்கு வந்து நின்றார். இதில் உள்ள ஆபத்து இந்தியர்களுக்குப் புதிதல்ல. எமர்ஜென்சி காலத்தில் 1976-77 ஓர் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவை சிகிச்சைகள் இங்கே நடந்தன. அதில் எத்தனையோ வற்புறுத்தலால் நடந்தவை. கருவி ஒன்றுதான். அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விடுதலையாகவும் இருக்கும், வன்முறையாகவும் மாறும்.

வார்தாவில் காந்தி, திருவனந்தபுரத்தில் பெண்கள் மாநாடு

1935 கடைசியில் சாங்கர் இந்தியா வந்தார். அவர் சொல்லித்தான் இங்கே கருத்தடைப் பேச்சு தொடங்கியது என்று நினைத்துவிட வேண்டாம். பம்பாயில் ஆர்.டி. கார்வே 1921-லேயே ஆலோசனை மையம் தொடங்கிவிட்டார். சென்னையில் 1920-களின் இறுதியில் உயர் நீதிமன்ற நீதிபதி வேபா ராமேசம் முன்னின்று ஒரு சங்கம் நடத்தினார். மைசூர் சமஸ்தானம் 1930-ல் அரசு மருத்துவமனைகளிலேயே கருத்தடை மையங்களைத் திறக்க உத்தரவிட்டது.

தமிழ்நாட்டில் பெரியாரின் குடி அரசு இதழ் கர்ப்ப ஆட்சி என்ற பெயரில் இதைத் தொடர்ந்து எழுதியது. பெரியார் சொன்ன காரணம்தான் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டது. நாட்டில் ஜனத்தொகை கூடுகிறது, வறுமை பெருகுகிறது, தாயின் உடம்பு கெடுகிறது என்று மற்றவர்கள் பேசினார்கள். பெண் சுதந்திரமாக நடமாடவும் தன் காலில் நிற்கவும் ஓயாத பிள்ளைப்பேறு தடை, அதற்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்றார் பெரியார்.

1935 டிசம்பர் தொடக்கத்தில் வார்தாவில் காந்தியை சாங்கர் சந்தித்தார். இரண்டு பேரும் நீண்ட நேரம் பேசினார்கள். பெண்கள் வேண்டாத கர்ப்பத்தால் படும் துன்பத்தை காந்தி மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வழி புலனடக்கம்தான், செயற்கைக் கருத்தடை ஆசைக்கு வேலியில்லாமல் செய்துவிடும் என்பதில் உறுதியாக இருந்தார். கணவனுக்கு மறுப்புச் சொல்ல மனைவி கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். மறுக்க முடியாத இடத்தில் இருக்கும் மனைவி என்ன செய்வாள் என்பது சாங்கரின் கேள்வி. அந்தக் கேள்விக்கு இரண்டு பேரும் ஏற்றுக்கொண்ட பதில் கிடைக்காமலே பேச்சு முடிந்தது.

அங்கிருந்து தெற்கே வந்தவர், திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் மகாராணி சேது பார்வதி பாய் தலைமையில் நடந்த அகில இந்தியப் பெண்கள் மாநாட்டில் கலந்துகொண்டார். கத்தோலிக்கப் பெண்கள் எதிர்த்தார்கள். எதிர்ப்பைத் தாண்டிக் கருத்தடைக்கு ஆதரவான தீர்மானம் நிறைவேறியது. குருவிகுளத்துக்கும் இது தூரத்துச் சேதி அல்ல. இன்று நம்ம தென்காசி மாவட்டத்தில் இருக்கும் செங்கோட்டை அன்றைக்கு அந்தத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது.

1952-ல் மறுபடி வந்தார். பம்பாயில் நடந்த மாநாட்டில் சர்வதேச குடும்ப நல அமைப்பு உருவானது. சாங்கரும், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த தன்வந்தி ராமராவும் அதன் கௌரவத் தலைவர்கள். அதே ஆண்டுதான் உலகிலேயே முதல் நாடாக இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கியது. ஆனால் கையில் நல்ல கருவி எதுவும் இல்லை. பாதுகாப்பான நாட்களை எண்ணிக்கொள்ளச் சொல்லி, வண்ண மணிகள் கோத்த மாலைகளைப் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய பலன் இல்லை.

ஒரு மாத்திரை கிடைக்குமா?

அதுவரை இருந்த முறைகள் எல்லாவற்றிலும் ஒரு சிக்கல். ஆணுறை என்றால் ஆண் சம்மதிக்க வேண்டும். பெண் பயன்படுத்தும் ரப்பர் மூடிக்கு டாக்டர் அளவெடுக்க வேண்டும், தனியறை வேண்டும், தண்ணீர் வசதி வேண்டும். ஒரே அறையில் ஒன்பது பேர் படுக்கிற வீட்டில் இது நடக்கிற காரியமா? தலைவலி மாத்திரை மாதிரி, பெண் தானே விழுங்கிக்கொள்ளும் ஒன்று வேண்டும் என்று சாங்கர் பல வருஷமாகக் கனவு கண்டார்.

1950-களின் தொடக்கத்தில் கிரெகரி பின்கஸ் என்ற ஆய்வாளரைச் சந்தித்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை மறுக்கப்பட்டுத் தனியாக ஆய்வுக்கூடம் நடத்திக்கொண்டிருந்தவர் அவர். முடியும், ஆனால் பணம் வேண்டும் என்றார். பணத்துக்கு சாங்கர் பிடித்த ஆள் கேத்தரின் மெக்கார்மிக். எம்.ஐ.டி.யில் 1904-ல் உயிரியல் பட்டம் வாங்கியவர். கணவர் பெரும் பணக்காரர், கல்யாணமான கொஞ்ச நாளிலேயே மனநோய்க்கு ஆளானவர். 1947-ல் அவர் இறந்த பிறகு சொத்து கேத்தரின் கைக்கு வந்தது. அமெரிக்க அரசோ பெரிய மருந்துக் கம்பெனிகளோ தொடத் தயங்கிய இந்த ஆராய்ச்சிக்கு, காலப்போக்கில் சுமார் 20 லட்சம் டாலர் கொடுத்தார் அவர்.

மாத்திரைக்குள் என்ன இருக்கிறது? பெண் கர்ப்பமாக இருக்கும்போது உடம்பில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடுதலாக இருக்கும். அதனால் புதிதாகக் கருமுட்டை வெளியாகாது. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தால், கர்ப்பம் ஆகாமலே முட்டை வெளியாவது நின்றுவிடும். இதுதான் அடிப்படை. இயற்கை ஹார்மோன் வாய்வழியாகச் சரியாக வேலை செய்யாது. விலையும் எட்டாத உயரம். மெக்சிகோ காட்டுக் கிழங்கிலிருந்து இந்த ஹார்மோனைத் தயாரிக்கும் வழியை ரசல் மார்க்கர் என்ற வேதியியலாளர் 1940-களில் கண்டுபிடித்த பிறகு விலை இறங்கியது. 1951-ல் மெக்சிகோ நகரத்தில் கார்ல் ஜெராசியின் குழுவில் இருந்த லூயிஸ் மிராமோன்டெஸ், வாயால் விழுங்கினாலும் வேலை செய்யும் நார்எதிஸ்டிரோன் என்ற பொருளை உருவாக்கினார். வேறொரு கம்பெனி அதைப் போன்ற இன்னொரு பொருளைச் செய்தது. பின்கஸும் அவருடன் வேலை செய்த மின் சுயே சாங்கும் இவற்றை விலங்குகளிடம் சோதித்தார்கள். ஜான் ராக் என்ற மகப்பேறு மருத்துவர் பெண்களிடம் சோதித்தார்.

போர்ட்டோ ரிக்கோ பெண்கள் கொடுத்த விலை

பெரிய அளவிலான சோதனை 1956-ல் அமெரிக்காவின் கட்டுப்பாட்டில் இருந்த போர்ட்டோ ரிக்கோ தீவில் நடந்தது. ரியோ பியெட்ராஸ் என்ற இடத்தில் ஏழைக் குடியிருப்புப் பெண்கள் மாத்திரையை விழுங்கினார்கள். இது கர்ப்பத்தைத் தடுக்கும் என்று தெரியும். தாங்கள் ஒரு சோதனையின் பகுதி என்பது அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை.

மாத்திரை வேலை செய்தது. ஆனால் நூற்றுக்கு 17 பேர் தலைசுற்றல், வாந்தி, தலைவலி, வயிற்றுவலி என்று புகார் சொன்னார்கள். அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே, பக்கவிளைவுகள் அதிகம், பொதுப் பயன்பாட்டுக்கு இது ஏற்றதல்ல என்று அறிக்கை கொடுத்தார். பெண்கள் மனபிரமையில் சொல்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் ஒதுக்கிவிட்டார்கள். சோதனைக் காலத்தில் மூன்று பெண்கள் இறந்தார்கள். பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. மாத்திரைக்கும் மரணத்துக்கும் தொடர்பு உண்டா, இல்லையா என்பதைக் கண்டறிய இருந்த ஒரே வழியும் அதோடு போயிற்று.

1957-ல் மாதவிலக்குக் கோளாறுக்கான மருந்தாக எனோவிட் என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. 1960-ல் கருத்தடை மருந்தாகவே அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தது. சாங்கருக்கு அப்போது 80 வயது. அதற்கு முந்தைய ஆண்டு டெல்லி மாநாட்டுக்கு வந்தபோது, நேரு கைபிடித்து மேடைக்கு அழைத்துப் போயிருந்தார். இதயநோய், வலி மருந்துப் பழக்கம், தனிமை என்று கடைசி வருஷங்கள் கஷ்டமாகவே கழிந்தன. கணவன் மனைவி கருத்தடை செய்துகொள்வதை அரசு தடுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965-ல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு, 1966 செப்டம்பர் 6 அன்று, அரிசோனாவின் டூசான் நகரில் சாங்கர் காலமானார்.

பயம் எங்கிருந்து வந்தது?

மாத்திரையைப் பற்றிய பயம் வெறும் கட்டுக்கதை அல்ல. 1961-லேயே மாத்திரை போட்ட ஒரு பெண்ணுக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி வந்ததை இங்கிலாந்து டாக்டர் ஒருவர் மருத்துவ இதழில் பதிவு செய்தார். 1960-களின் இறுதியில் வந்த ஆய்வுகள் அந்தத் தொடர்பை உறுதி செய்தன. பிரச்னை ஈஸ்ட்ரோஜென் அளவில் இருந்தது.

1970-ல் அமெரிக்க செனட் விசாரணை நடத்தியது. மாத்திரை போட்ட ஒரு பெண்ணைக்கூடச் சாட்சியாக அழைக்கவில்லை. பெண்கள் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். அதன் பிறகுதான் பக்கவிளைவுகளைச் சொல்லும் தாள் மாத்திரை அட்டையோடு வர ஆரம்பித்தது. ஹார்மோன் அளவும் படிப்படியாகக் குறைந்தது.

முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜென் வகை ஹார்மோன் சுமார் 0.15 மி.கி. இருந்தது. இன்றைய மாலா-என், மாலா-டி மாத்திரைகளில் 0.03 மி.கி.தான். கூடவே லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மி.கி. அட்டையில் உள்ள 28-ல் 21 மாத்திரைகளில்தான் ஹார்மோன் இருக்கிறது. மீதி 7 இரும்புச்சத்து மாத்திரைகள்.

இன்று எவ்வளவு பாதுகாப்பு?

ரத்தக்கட்டி அபாயத்தை எண்ணில் பார்க்கலாம். மாத்திரை போடாத, கர்ப்பமாகாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 1 முதல் 5 பேருக்கு ரத்தக்கட்டி வரலாம். மாத்திரை போடும் 10,000 பேரில் 3 முதல் 9. கர்ப்பிணிகள் 10,000 பேரில் 5 முதல் 20. பிரசவமான முதல் சில வாரங்களில் அது 40 முதல் 65 வரை போகும். அதாவது மாத்திரையில் அபாயம் இருக்கிறது. அது தடுக்கிற கர்ப்பத்தில் அதைவிட அதிக அபாயம் இருக்கிறது.

புற்றுநோய்? சினைப்பை, கருப்பை உட்சுவர் புற்றுநோய் வாய்ப்பை மாத்திரை குறைக்கிறது. மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு, மாத்திரை போடும் காலத்தில் சிறிதளவு கூடி, நிறுத்திய பிறகு படிப்படியாகக் குறைகிறது. பல வருஷம் தொடர்ந்து போட்டால் கருப்பை வாய்ப் புற்றுநோய் வாய்ப்பும் கொஞ்சம் கூடும். அதனால் அதற்கான பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது.

உடம்பு பெருக்குமா? பெரிய அளவில் எடை கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பிறகு பிள்ளை பிறக்காமல் போகுமா? போகாது. நிறுத்தினால் கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும். அதனால்தான் ஒழுங்காகப் போட வேண்டும் என்கிறார்கள்.

யாருக்கு இது கூடாது?

- 35 வயதைத் தாண்டியவர்களில் புகைப்பழக்கம் உள்ளவர்கள்
- பி.பி. அதிகம் உள்ளவர்கள், இதயநோய் அல்லது பக்கவாதம் வந்தவர்கள்
- கால் நரம்பிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்கள்
- கண்ணில் மின்னல் வெட்டுவது போல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள்
- மார்பகப் புற்றுநோய், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள்
- பிள்ளை பிறந்து ஆறு மாதம் ஆகாத, தாய்ப்பால் கொடுக்கும் அம்மாக்கள்

காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் ஆகியவை கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். வேறு எந்த மருந்து சாப்பிட்டாலும் டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லிவிட வேண்டும். மாத்திரை தொடங்கும் முன் பி.பி. பார்ப்பது கட்டாயம்.

முதல் சில மாதங்கள் குமட்டல், மார்பு வலி, இடையில் லேசான ரத்தக்கசிவு வரலாம். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ஆனால் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென்று கடுமையான தலைவலி, பார்வை மங்கல், கடுமையான வயிற்றுவலி இதில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தினமும் ஒரே நேரத்தில் தவறாமல் போட்டால், 100 பெண்களில் ஆண்டுக்கு ஒருவர்கூடக் கர்ப்பமாக மாட்டார். நடைமுறையில் மறதி காரணமாக இது 7 பேர் வரை போகிறது. ஒரு நாள் மறந்தால், ஞாபகம் வந்ததும் அதைப் போட்டுவிட்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடலாம். இரண்டு நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து மறந்தால், கடைசியாகத் தவறியதைப் போட்டுவிட்டுத் தொடர வேண்டும். ஏழு நாளுக்கு ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். பால்வினை நோய்களை மாத்திரை தடுக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஹார்மோனே வேண்டாம் என்பவர்களுக்கு இந்தியாவிலேயே கண்டுபிடித்த மாத்திரை ஒன்று இருக்கிறது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சென்ட்குரோமன். 1991-ல் சஹேலி என்ற பெயரில் வந்தது. இப்போது சாயா என்ற பெயரில் அரசு இலவசமாகக் கொடுக்கிறது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. தாய்ப்பால் கொடுப்பவர்களும் போடலாம். மாதவிலக்கு கொஞ்சம் தள்ளிப்போவது இதில் சகஜம். 15 நாளுக்கு மேல் தள்ளினால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கல்லீரல் கோளாறோ சினைப்பை நீர்க்கட்டியோ உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல.

எல்லா மாத்திரையும் ஒன்றல்ல

மெடிக்கல் ஷாப்பில் பெரும் குழப்பம் நடப்பது இங்கேதான். தினமும் போடும் கருத்தடை மாத்திரை வேறு. பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போடும் அவசர மாத்திரை வேறு. தமிழ்நாட்டில் சட்டப்படி தடை இல்லாவிட்டாலும் பல கடைகளில் இந்த அவசர மாத்திரை கிடைப்பதில்லை. கருவைக் கலைக்கும் மாத்திரை முற்றிலும் வேறு. அதை டாக்டர் மேற்பார்வை இல்லாமல் வாங்கிப் போடுவது உயிருக்கே ஆபத்து.

நான்காவதாக ஒன்று உண்டு. சங்கரன்கோவில் ஆடித்தபசு மாதிரித் திருவிழா நேரத்தில், வீட்டில் விசேஷம் வரும்போது, நாள் தள்ளிப்போட என்று பெண்கள் வாங்கும் மாத்திரை. அது பெரும்பாலும் நார்எதிஸ்டிரோன்தான். 1951-ல் மெக்சிகோவில் உருவான அதே பொருள். ஆனால் தள்ளிப்போடப் போடும் முறையில் அது கருத்தடையாக வேலை செய்யும் என்று நம்ப முடியாது. அந்த அளவில் ரத்தக்கட்டி அபாயமும் கொஞ்சம் உண்டு. மேலே உள்ள பட்டியலில் இருப்பவர்கள் இதையும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

சாங்கரின் அம்மாவுக்குக் கிடைக்காத ஒன்று இன்று துணை சுகாதார நிலையத்தில் இலவசமாக இருக்கிறது. போர்ட்டோ ரிக்கோ பெண்களுக்கு மாத்திரை கிடைத்தது, தகவல் கிடைக்கவில்லை. அதனால் மாத்திரை அட்டையை நீட்டும்போது, என் பி.பி.யைப் பாருங்க, எனக்கு இது ஒத்துக்குமா, மறந்துட்டா என்ன செய்யணும், வேற என்ன முறை இருக்கு என்று நாலு கேள்வி கேட்பது ஒவ்வொரு பெண்ணின் உரிமை. கேட்ட பிறகு போடுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவெடுக்கலாம்.